இயக்கநேர வகைத் தெரிவு (ரன்டைம் டைப் ஃபில்டர்): சொல் விளக்கம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் தமிழ்ப்பள்ளி முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கணினிப் பாடத்தில் கேட்பது 'மாசா லாரியான்' என்ற மலாய்ச் சொல்லைத்தான். 'லாரி' என்றால் ஓடு. நிரல் ஓடும் நேரத்தைக் குறிக்கும் ரன்டைம் என்பதன் நேர்ப்பெயர்ப்பு. அதனால் தமிழில் சொல்லச் சொன்னால் 'ஓட்ட நேரம்' என்கிறார்கள். எனக்கு 'இயக்கநேரம்' தான் சரி என்று படுகிறது, நிரல் இயங்குகிறது என்றுதானே சொல்கிறோம். சிலர் 'நிகழ்நேரம்' என்று எழுதுகிறார்கள், அது ரியல்டைம், பொருளே வேறு, தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள்.

டைப் கிரேக்கத்தின் 'டைப்போஸ்' என்பதிலிருந்து வந்தது, அடித்துப் பதித்த தடம் என்று பொருள். நமக்கு 'வகை' இருக்கிறது. வகு என்ற வேரிலிருந்துதான் வகையும் வந்தது, கிளாஸைக் குறிக்கும் வகுப்பும் வந்தது. டைப், கிளாஸ் இரண்டுக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தில் வெளியே தெரியாது, தமிழில் சொல்லிலேயே தெரிகிறது.

ஃபில்டர்தான் சிக்கல். இடைக்கால லத்தீனில் 'ஃபில்ட்ரும்' என்றால் வடிகட்ட உதவிய கம்பளித் துணி, ஆகவே 'வடிகட்டல்' பொருத்தம்தான். ஆனால் டீயை வடிகட்டினால் வடிந்ததை வைத்துக்கொண்டு தூளைக் கொட்டுகிறோம், சோற்றை வடித்தால் வடிந்தது கஞ்சி, நமக்கு வேண்டியது பானையில் நிற்கும் சோறு. எது மிஞ்சும் என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. நிரலில் நிபந்தனைக்குப் பொருந்துவதே மிஞ்சும், அதனால் நான் 'தெரிவு' என்கிறேன். 'தேர்வு' என்றால் பரீட்சை நினைவுக்கு வந்துவிடும்.

இனி முழுச் சொல்லின் பொருள்: கலந்து கிடக்கும் திரட்டிலிருந்து, நிரல் இயங்கும்போது சொல்லும் வகையைச் சேர்ந்தவற்றை மட்டும் பொறுக்குவது. தோட்ட அலுவலகத்துக்கு ஒரு நிரல் எழுதுகிறோம், 'விளைச்சல்' என்ற வகுப்பின் கீழ் ரப்பர் பால், ஒட்டுப்பால் (மரத்திலேயே உறைந்த பால்), செம்பனைக் குலை எல்லாம் ஒரே திரட்டில் கலந்து கிடக்கின்றன என்று வையுங்கள். சி ஷார்ப் மொழியில் 2007-இல் லிங்க் என்ற வினவல் வசதியோடு வந்த 'ஆஃப்டைப்' ஒரு வகையை மட்டும் பொறுக்கித் தரும், ஆனால் கோண அடைப்புக்குள் வகையின் பெயரை நிரல் எழுதும்போதே எழுதியாக வேண்டும். கிராணி (தோட்ட எழுத்தர்) திரையில் எதை அழுத்துவார் என்பது இயங்கும்போதுதான் தெரியும், அப்போது வகை ஒரு மாறியில் வந்து உட்கார்ந்திருக்கும், மாறியை அந்த அடைப்புக்குள் வைக்க முடியாது. சிலர் ரிஃப்ளெக்ஷன் (நிரல் இயங்கும்போதே தன் வகைகளையும் முறைகளையும் ஆராய்ந்து அழைக்கும் வசதி) கொண்டு 'ஆஃப்டைப்'பையே சுற்றி வளைத்து அழைக்கிறார்கள், அவ்வளவு பாடு பெரும்பாலும் தேவையில்லை. நிபந்தனை சொல்லும் லிங்க்கின் 'வேர்' (ஆங்கில where) என்பதற்குள் அந்த மாறியின் 'ஐஸ்இன்ஸ்டன்ஸ்ஆஃப்டைப்' முறையைக் கூப்பிட்டாலே போதும். ஜாவாவில் கிளாஸ் பொருளின் 'ஐஸ்இன்ஸ்டன்ஸ்', பைத்தானில் வகையும் ஒரு பொருளே என்பதால் நேராக 'ஐஸ்இன்ஸ்டன்ஸ்'.

இப்படித் தெரிவு செய்தால் கிளை வகுப்புகளும் சேர்ந்தே வரும். ஒட்டுப்பாலைப் பாலின் கிளையாக எழுதியிருந்தால், பால் கேட்டபோது ஒட்டுப்பாலும் வந்து நிற்கும், எடைக் கணக்கு மாறிப்போகும். அச்சு அசலாக அந்த வகை மட்டும் வேண்டுமென்றால் பொருளின் வகையைத் தரும் 'கெட்டைப்' முறையைக் கொண்டு ஒப்பிடுங்கள், ஆனால் திரட்டில் வெற்று மதிப்பு, அதாவது நல், இருந்தால் நிரல் அங்கேயே முறியும். அப்புறம், கிடைக்கும் திரட்டு தொகுப்பிக்கு (கம்பைலருக்கு) இன்னமும் 'விளைச்சல்' திரட்டுதான். பாலுக்கே உரிய பண்பு எதையாவது அதிலிருந்து எடுக்க வேண்டுமானால், ஒவ்வொன்றையும் வகைமாற்றம் செய்துதான் எடுக்க வேண்டும்.