செட்டப்பைத் தொடும் முன் கியர் இறக்கும் விரலைப் பாருங்கள்

சிம் ரேசிங் (கம்ப்யூட்டரில் நிஜம் போலவே ஓட்டும் கார் ரேஸ்) பயிற்சிக்கு வருபவர்களில் பலர் ஒரே புகாரோடுதான் வருகிறார்கள். “பிரேக் பிடிச்சாலே பின்பக்கம் சுத்திடுது சார், நல்ல செட்டப் ஒண்ணு இருந்தா குடுங்க.” கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் நிறைய, காசு கொடுத்து வாங்கிய செட்டப்புகள், அதாவது சஸ்பென்ஷன், இறக்கை, டயர் அழுத்தம் போன்றவற்றை அமைத்த ஃபைல்கள், கிடக்கும். அவற்றை நான் திறப்பதில்லை. முதலில் டெலிமெட்ரியை, அதாவது பிரேக், கியர், வேகம் எல்லாம் பதிவான வரைபடத்தை, திறக்கச் சொல்வேன். பெரும்பாலும் குறை சஸ்பென்ஷனில் இருக்காது, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் கியரை இறக்கும் இடது கை பேடிலில் இருக்கும்.

அசெட்டோ கோர்ஸா கம்பெட்டிசியோனே என்ற சிம் விளையாட்டில் இத்தாலியின் மொன்சா டிராக்கை எடுத்துக்கொள்வோம். மெயின் ஸ்ட்ரெயிட்டில் ஜிடி3 ரக ரேஸ் வண்டி ஆறாவது கியரில் மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டி வருகிறது. முதல் சிகேன், அதாவது வேகத்தைக் குறைக்க அடுத்தடுத்து வைத்த இறுக்கமான திருப்பங்கள், வலது, இடது என்று மடங்கும். அதற்குள் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டும், சில வண்டிகளில் முதல் கியருக்கே. புதியவரின் மோடெக் (டெலிமெட்ரி பார்க்கும் மென்பொருள்) வரைபடத்தில் நான் பார்ப்பது இது: பிரேக் கோடு உச்சிக்குப் போன உடனேயே கியர் கோடு மாடிப்படி போல மடமடவென்று இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு கியருக்கும் ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) சிவப்புக் கோட்டைப் போய் முட்டுகிறது. அதே நொடியில் பின் சக்கரங்களின் வேகம் முன் சக்கரங்களைவிடக் கீழே விழுகிறது. பிறகு ஸ்டீயரிங்கை வலது பக்கம் கொஞ்சம் திருப்பினாலே போதும், வண்டி சுற்றிவிடும்.

இதற்குப் பின்னால் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. மூன்றாவது கியரின் விகிதம் 1.50, இரண்டாவதின் விகிதம் 2.00 என்று வைத்துக்கொள்வோம். 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது இரண்டாவதைப் போட்டால், அதே வேகத்துக்கு எஞ்சின் 8000-க்குப் போயாக வேண்டும். அந்தக் கூடுதல் 2000-ஐ யாராவது கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி ‘பிலிப்’ கொடுத்தால் எஞ்சினே கொடுத்துக்கொள்ளும். பிலிப் இல்லையென்றால், அல்லது போதவில்லையென்றால், பின் டயர்கள்தான் எஞ்சினை இழுத்துச் சுழற்ற வேண்டும். பிலிப் சரியாக விழுந்தாலும் கதை முடிவதில்லை. அத்தனை உயர்ந்த ஆர்பிஎம்மில் கால் எடுத்த எஞ்சினே பின் சக்கரங்களுக்கு இன்னொரு பிரேக். முழு பிரேக்கில் எடை முழுக்க முன்னால் சாய்ந்திருக்கிறது, பின் டயர்களுக்குப் பிடிப்பு குறைந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து அவற்றின் மேல் இரண்டு சுமையை ஏற்றுகிறோம்.

“ஏபிஎஸ் இருக்கே சார்?” என்று கேட்பார்கள். ஏபிஎஸ்ஸால் பிரேக் அழுத்தத்தைத்தான் தளர்த்த முடியும். எஞ்சின் இழுப்பைத் தளர்த்த அதற்குக் கை கிடையாது. டிராக்ஷன் கண்ட்ரோல் வேலை செய்வதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது பின் சக்கரம் சுழன்றால்தான்.

நிஜ வண்டியில் பின்பக்கம் நகர ஆரம்பித்தால் இடுப்புக்கு முதலில் தெரியும். வீட்டில் சீட்டும் ஸ்டீயரிங்கும் பூட்டிய ரிக்கில் சீட் அசையாது. நமக்கு மிச்சம் இருப்பது கண், காது, ஸ்டீயரிங்கில் வரும் விசை, இவ்வளவுதான். ஸ்டீயரிங் விசை பெரும்பாலும் முன் டயர்களின் கதையைச் சொல்கிறது. பின்பக்கத்தின் கதையைக் கேட்க எஞ்சின் சத்தத்தைக் கவனிக்க வேண்டும். கியர் இறங்கும்போது எஞ்சின் கத்தினால் நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். பயிற்சி நேரத்தில் பாட்டையும் டிஸ்கார்ட் அரட்டையையும் நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

என்னிடம் வரும் எல்லாருக்கும் முதலில் ஒரு சோதனை கொடுப்பேன். அதே மொன்சா, அதே செட்டப், அதே பிரேக் புள்ளி. ஆனால் சிகேனுக்கு நான்காவது கியருக்குக் கீழே இறங்கக் கூடாது. வெளியே வரும்போது வண்டி சோம்பலாக இழுக்கும், லேப் டைம் கெடும், பரவாயில்லை. நுழையும்போது பின்பக்கம் அமைதியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அமைதியாக இருந்தால் குற்றவாளி கியர்தான், செட்டப்பைத் தொட வேண்டாம். அப்போதும் வழுக்கினால் பிரேக்கைத் திருப்பத்துக்குள் எப்படி விடுகிறீர்கள் என்று பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் பிரேக் பயாஸ், அதாவது பிரேக் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பங்கிடும் அளவு.

கியர்தான் காரணம் என்று தெரிந்த பிறகு திருத்துவது கடினமில்லை. முதலில் பிரேக், பிறகு காத்திருப்பு. வேகம் நன்றாக விழுந்த பிறகு முதல் தடவை ஒரு கியர் இறக்கி, மீதி இறக்கங்களைப் பிரேக் பிடிக்கும் தூரம் முழுக்கப் பரப்பிப் போடுங்கள். கடைசிக் கியரை ஸ்டீயரிங் திரும்புவதற்குச் சற்று முன் போட்டு முடித்துவிடுங்கள். புதியவர்கள் தடுமாறுவது அந்தக் காத்திருப்பில்தான். கியர் இறக்கினால் வண்டி சீக்கிரம் நிற்கும் என்ற நம்பிக்கை சாலையில் ஓட்டிப் பழகியதிலிருந்து வருகிறது. ரேஸ் காரை நிறுத்துவது பிரேக்கின் வேலை. திருப்பத்திலிருந்து வெளியே வரத் தேவையான கியரைத் தயாராக வைத்துக்கொள்ளவே கியரை இறக்குகிறோம்.

கையால் கியர் மாற்றும் எச் ஷிஃப்டரில் ஓட்டும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரியும். முந்தைய விளையாட்டான அசெட்டோ கோர்ஸாவில் பிஎம்டபிள்யூ எம்3 இ30-ஐ எடுத்து, தானியங்கி பிலிப்பை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். வலது கால் முன்பாதம் பிரேக்கில், அதே காலின் ஓரம் ஆக்சிலரேட்டரில், இடது கால் கிளட்ச்சில். ஜிடி3 வண்டிகளின் பேடில் கியர்பாக்ஸ்களில் எஞ்சின் தாங்காத கியரை மின்னணுவியல் மறுத்துவிடும். இங்கே தடுக்க யாரும் இல்லை. நான்காவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேண்டியவர் தவறி முதலாவதைப் போட்டால் எஞ்சின் போனது போனதுதான். சிம்மில் ரீஸ்டார்ட் உண்டு. சிம்மில் பழகிவிட்டு சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் நிஜ வண்டியில் ஏறப் போகும் பிள்ளைகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

செட்டப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். பிரேக் பயாஸை முன்பக்கம் தள்ளினால் பின்பக்கம் அடங்கும். அளவு மீறினால் முன் டயர்கள் மட்டும் உழைத்து, நிற்கும் தூரம் நீண்டு, மூக்கு திரும்ப மறுக்கும். டிஃபரன்ஷியல் ப்ரீலோடை (பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாகச் சுழல வைக்கும் இறுக்கம்) ஏற்றினால் கால் எடுக்கும்போது வண்டி நிதானமாக இருக்கும், ஆனால் மெதுவான திருப்பங்களில் நேராகவே போகப் பார்க்கும். பின்பக்க ஆன்ட்டி ரோல் பாரை (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) தளர்த்தினாலும் பின்பக்கம் அமைதியாகும், விலை அங்கேயும் அதுவேதான். பின் இறக்கையை ஏற்றுவதுதான் பலர் முதலில் செய்வது. காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 240 கிலோமீட்டரில் கிடைப்பதில் ஒன்பதில் ஒரு பங்குதான் 80-இல் கிடைக்கும். சிகேனில் சுற்றும் வண்டியை இறக்கை காப்பாற்றாது.

காசு கொடுத்து வாங்கும் செட்டப் பெரும்பாலும் மிக வேகமான ஒருவரின் கைக்கு அமைந்தது. அவர் பிரேக் பயாஸைப் பின்பக்கம் வைத்திருப்பார், அந்தத் துள்ளலைத் தாளத் தெரிந்தவர். டிராக் வெப்பநிலையும் வேறாக இருக்கலாம், விளையாட்டின் பதிப்பும் வேறாக இருக்கலாம். கம்பெட்டிசியோனேயின் 1.9 பதிப்பில் டயர் எப்படி நடந்துகொள்ளும் என்ற கணக்கே மாறியது. அதற்கு முன் உலர்ந்த டிராக்கில் டயர் அழுத்தத்தை 27.5 பிஎஸ்ஐ பக்கம் வைத்தோம், இப்போது ஓடும்போது 26 முதல் 27 வரை இருக்க வேண்டும். பழைய ஃபைல் ஒன்றை ஏற்றிவிட்டு வண்டியைத் திட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அப்பா அம்மா காசில் மாதச் சந்தா கட்டி இதை வாங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அவர்களை ஐரேசிங் என்ற இன்னொரு சிம்மின் ஆரம்ப நிலை மாஸ்டா எம்எக்ஸ்-5 ரேஸ்களில் கொஞ்ச காலம் ஓட்டச் சொல்கிறேன். அங்கே எல்லாருக்கும் ஒரே செட்டப், மாற்ற முடியாது. உங்களைவிட இரண்டு நொடி வேகமாகப் போகிறவரும் அதே வண்டியில்தான் போகிறார்.

கியரை ஏற்றுவதிலும் ஒரு விஷயம் உண்டு. மழையில் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது பின் சக்கரம் சுழன்றால் இரண்டாவதுக்குப் பதில் மூன்றாவதில் வாருங்கள். சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை குறைந்துவிடும். செட்டப் பக்கத்தில் எதையும் தொடாமலே வண்டி அடங்கிவிடும்.

கடைசியாக, மற்றவர்களைப் பற்றி. ஆன்லைன் ரேஸின் முதல் சுற்றில் டயர் குளிர்ந்திருக்கும், டேங்க் நிறைந்திருக்கும், முழுக் கூட்டமும் மொன்சா சிகேனுக்குள் ஒன்றாக நுழையும். அங்கே நீங்கள் அவசரமாக இறக்கும் ஒரு கியர், வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் ஒதுக்கி உட்கார்ந்திருக்கும் பலரின் ரேஸை முடித்துவிடும். அதனால் முதல் சுற்றுக்கு மட்டும் பிரேக் பயாஸை ஓரிரு புள்ளி முன்னால் தள்ளுங்கள், ஸ்டீயரிங்கில் ஒரு பட்டனை அதற்கென்று ஒதுக்கிவைத்தால் ஓட்டும்போதே மாற்றலாம். வழக்கமான புள்ளிக்கு நன்றாக முன்பே பிரேக் பிடியுங்கள், சிகேனை ஒரு கியர் மேலேயே எடுங்கள். டயர் சூடேறிய பிறகு பயாஸைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.