ஓவியப் பாறையில் தண்ணீர் தெளிக்க வேண்டாம்

திருமயம் கோட்டைப் பாறையிலும் சிவகங்கையை அடுத்த திருமலையிலும் உள்ள பழங்கால ஓவியங்கள் வெயிலில் வெளிறுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அவற்றைத் தீட்டிய செங்காவி என்பது இரும்பு ஆக்சைடு. அது வெயிலுக்கு எளிதில் நிறம் மாறுவதில்லை. தொல்பொருள் பாதுகாப்புப் பணியில் நான் கண்டவரை, முதலில் கெடுவது அந்த நிறத்தைத் தாங்கும் பாறையின் மேல்தோலே. மழைநீர் பாறைக்குள் கசிந்து, கரைந்த உப்புகளோடு வெளிவந்து உலரும்போது, மேற்பரப்புக்குச் சற்று உள்ளே உப்புப் படிகங்கள் வளர்ந்து, ஓவியத்தையும் சேர்த்துச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடுகின்றன.

படம் எடுப்பதற்காகத் தண்ணீர் தெளிப்பவர்களும் இதே வேலையைத்தான் செய்கிறார்கள். நனைந்தவுடன் கோடுகள் பளிச்சென்று எழும். ஆனால், பலமுறை நனைந்து உலர்ந்த இடத்தில் வெண்படலம் படியும். (பயிற்சிக் காலத்தில் நானும் ஒருமுறை தெளித்திருக்கிறேன்.)

பாண்டிநாட்டுச் சமணர் குகைத்தளங்கள் பலவற்றின் நெற்றியில் மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருப்பதைக் காணலாம். ஓவியப் பாறையில் நாம் புதிதாக எதையும் வெட்டக் கூடாது. நீரின் வழியை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும். வளவில், அதாவது வீட்டு முற்றத்தில், விழும் மழையை அண்டாவில் பிடித்துப் பழகிய செட்டிநாட்டாருக்கு அது கடினமன்று. ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து ஒப்பிட்டாலே கசிவு தெரிந்துவிடும். ஓர் ஊரில் ஆடு மேய்க்கும் அப்பத்தா, "மேலே அத்தி முளைச்சதுக்கு அப்புறந்தான் தம்பி, உள்ளே ஒழுகுது" என்றார். நாங்கள் இரண்டு நாள் தேடிய விடை அது. அத்தகைய செடியை வேரோடு இழுத்தால் பாறையே பிளக்கக்கூடும் என்பதால், தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பதே முறை.

மத்திய அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்கும் குவாரிக்கும் தடை உண்டு. அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. பட்டியலில் இல்லாத சிறு பாறைகளுக்கு அந்த வேலி கிடையாது; கிராம சபைத் தீர்மானத்தோடு மாவட்ட ஆட்சியரிடமும் துறையிடமும் மனு அளிப்பதே ஊர் எடுத்து வைக்கக்கூடிய முதல் அடி.

புகைக்கு மனு தேவைப்படவில்லை. அந்த அப்பத்தாவின் ஊரில் ஓவியத்துக்கு நேர் கீழே முனியையாவுக்குப் பொங்கல் வைக்கும் அடுப்பு இருந்தது. ஊர்த் தலைவரான அம்பலகாரர் சாமியிடம் பூக்கட்டிப் பார்த்து உத்தரவு கேட்ட பின், அடுப்பு இருபது அடி தள்ளிப் போனது. படிந்திருந்த பழைய கரியை யாரும் தேய்க்கவில்லை. தேய்த்தால் அதனடியில் இருக்கும் மான் ஓவியமும் போய்விடும்.