கடலுக்கடியில் ஒரு வாசற்படி

கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், வட அட்சரேகை 69 டிகிரியில், இலுலிஸ்ஸாட் என்று ஓர் ஊர். சுமார் 5000 பேர் வாழ்கிறார்கள். மேற்குக் கிரீன்லாந்துக்கு வரும் சுற்றுலாக் கப்பல்களில் பல இங்கே, டிஸ்கோ விரிகுடாவில் நங்கூரம் போடாமல் போவதில்லை. மேல்தளத்துக்கு வந்து தெற்கே பார்த்தால் பனிப்பாறைகள் தெரியும். ஆர்க்டிக் கடலில் பனிப்பாறை இருப்பதில் வியப்பில்லை. வியப்பு அவை நிற்கும் விதத்தில்தான். விரிகுடா முழுக்கச் சிதறிக் கிடக்காமல், ஒரு நீளமான கடல் இடுக்கின் வாயில், யாரோ கைகாட்டி நிறுத்தியதுபோல வரிசையாக நிற்கின்றன. சில நீருக்கு மேலே மட்டும் 100 மீட்டர் வரை உயர்ந்தவை. நாள்கணக்கில், மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும்.

அவற்றை நிறுத்தி வைத்திருப்பது கடலுக்கடியில் இருக்கும் ஒரு வாசற்படி. கண்ணுக்குத் தெரியாத அந்தப் படியைப் புரிந்துகொண்டால் இந்த ஊரின் பனி, மீன், திமிங்கலம், மனிதர் எல்லாமே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்பது தெரியும். கப்பலில் தரும் விளக்கங்களில் இதற்கு இன்னும் நிறைய இடம் கொடுக்கலாம் என்பது என் எண்ணம்.

முதலில் அந்த இடுக்கைப் பார்ப்போம். ஃபியோர்டு என்பது பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கில் கடல் புகுந்த இடம். நதி பள்ளத்தை அறுத்தால் கடல்மட்டத்துக்குக் கீழே அதிகம் போக முடியாது. பனியாறு போகும். ஒரு கிலோமீட்டர் தடிமனுள்ள பனி, தன் எடையாலேயே அடித்தரைப் பாறையை அரைத்துக்கொண்டு கடல்மட்டத்துக்கு வெகு கீழே வரை தோண்டிவிடும். அரைத்த கல்லையும் மண்ணையும் முன்னால் தள்ளிக்கொண்டு போய், தான் நின்ற இடத்தில் குவித்துவிடும். பிறகு பனி பின்வாங்கினாலும் அந்தக் குவியல் அங்கேயே கிடக்கும். இலுலிஸ்ஸாட் ஃபியோர்டின் உட்புறம் சுமார் 800 மீட்டர் ஆழம். வாயிலில் உள்ள குவியலின் மேலே நீர் சுமார் 250 மீட்டர்தான். இதுதான் அந்த வாசற்படி.

பனிக்கட்டியின் அடர்த்தி கடல்நீரில் பத்தில் ஒன்பது பங்கு. அதனால் பனிப்பாறையில் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் முங்கியிருக்கும். ஃபியோர்டின் உள்ளே உடைந்து விழும் பெரிய பாறைகளுக்கு 250 மீட்டர் போதாது. மிதந்து வரும், படியில் தட்டும், நிற்கும். பின்னால் வருபவையும் அடுத்தடுத்து நெருக்கிக்கொண்டு நிற்கும். உருகியோ உடைந்தோ உருண்டோ அடி குறைந்த பிறகுதான் வெளியேற வழி. ஓராண்டுக்கு மேலேகூட ஆகலாம்.

வெளியேறியதும் நேராகத் தெற்கே போவதில்லை. மேற்கு கிரீன்லாந்து நீரோட்டம் முதலில் வடக்கே இழுத்துப் போகிறது. பாஃபின் விரிகுடாவைச் சுற்றி, கனடாக் கரையோரமாகத் திரும்பித் தெற்கே இறங்கி, நியூஃபவுண்ட்லாந்துவரை வருகிறது. 1912-இல் டைட்டானிக் மோதிய பாறை இங்கிருந்து போனதாக இருக்கலாம் என்று பலர் கருதுவது இந்தப் பாதையை வைத்துத்தான். பாறை தன் ஊர்ப் பெயரைச் சொல்லாததால் அதை உறுதி செய்ய வழியில்லை.

இவ்வளவு பனியும் வருவது செர்மெக் குயால்லெக் என்ற ஒற்றைப் பனியாற்றிலிருந்து. 'தெற்குப் பனியாறு' என்று பொருள். கிரீன்லாந்துப் பனிக்கவசத்தில் ஏறக்குறைய 7 சதவீதப் பரப்பின் பனி இதன் வழியாகத்தான் கடலுக்கு வடிகிறது. ஆண்டுக்கு 35 கன கிலோமீட்டருக்கு மேல் பனியை உடைத்துத் தள்ளுவதாக யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. 2004-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது இந்த ஃபியோர்டு. சில பாறைகள் உடையும்போது அப்படியே புரளும். பல நூறு மீட்டர் உயரமுள்ள பாறை புரண்டு பனியாற்றின் முகப்பை உதைக்கிற உதையில், அளவு 5-ஐத் தொடும் நில அதிர்வுகூட எழும். உலகின் மறுபக்கத்து அதிர்வுமானிகளிலும் அது பதிவாகும்.

சரி, பனியைத் தடுக்கும் படி வேறு எதைத் தடுக்கிறது? வெப்பத்தை.

நம் ஊர்க் கிணற்றிலோ குளத்திலோ அடிநீர்தான் குளிர்ச்சி. ஆர்க்டிக் கடலில் இது தலைகீழ். மேலே இருப்பது வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீர். உருகிய பனி கலந்ததால் உப்பு குறைவு, அதனால் எடை குறைவு. கீழே இருப்பது அட்லாண்டிக்கிலிருந்து சுற்றி வந்த நீர். அது வெதுவெதுப்பானது, ஆனால் உப்பு அதிகம். இந்தக் குளிரில் நீரின் எடையைத் தீர்மானிப்பது வெப்பத்தைவிட உப்புதான். அதனால் வெப்பமான நீர் கீழேயும் குளிர்ந்த நீர் மேலேயும் படிந்து கிடக்கின்றன.

வெதுவெதுப்பு என்றால் எவ்வளவு? 2, 3 டிகிரி செல்சியஸ். சிரிப்பு வரலாம். ஆனால் கடல்நீரில் பனி உருகத் தொடங்கும் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 1.8 டிகிரி. ஆழம் கூடக் கூட அழுத்தத்தால் அது இன்னும் இறங்கும். 800 மீட்டர் ஆழத்தில் பனியைத் தொடும் 3 டிகிரி நீர், உருகுநிலையைவிட 5 டிகிரிக்கு மேல் சூடானது. பனிக்கு அது வெந்நீர்.

அந்த வெந்நீர் ஃபியோர்டுக்குள் போக வேண்டுமானால் படியைத் தாண்ட வேண்டும். விரிகுடாவில் வெப்ப நீரின் அடுக்கு படிக்குக் கீழேயே நின்றால் உள்ளே வராது. மேலே ஏறிவிட்டால், வெள்ள நீர் வாசற்படி தாண்டித் தாழ்வான வீட்டுக்குள் கொட்டுவதுபோல உள்ளே கொட்டும், அடியில் நிரம்பும், 50 கிலோமீட்டர் உள்ளே போய்ப் பனியாற்றின் பாதத்தைக் கரைக்கும்.

1997-இல் அப்படித்தான் நடந்தது. டிஸ்கோ விரிகுடாவின் அடிநீர் வெப்பம் கூடியது. அடுத்த சில ஆண்டுகளில், பனியாற்றுக்கு முன்னால் கடலில் மிதந்துகொண்டிருந்த சுமார் 15 கிலோமீட்டர் நீள நாக்கு உடைந்து போனது. அந்த நாக்கு பின்னாலிருந்த பனிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. முட்டு போனதும் ஆறு பாய்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 6 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகர்ந்தது, 2003-இல் 12 கிலோமீட்டரைத் தாண்டியது. 2012 கோடையில் நாளொன்றுக்கு 40 மீட்டருக்கு மேல். 

காற்றின் வெப்பம் மட்டுமே காரணம் என்று நினைத்திருந்தவர்களுக்கு 2016 ஒரு பாடம். அந்த ஆண்டுவாக்கில் விரிகுடாவுக்குக் குளிர்ந்த நீர் திரும்பியது. பனியாறு வேகம் குறைந்தது, முகப்பு தடித்தது. நாசாவின் விமானங்களும் கடல் அளவீடுகளும் இதைப் பதிவு செய்தன. கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெப்பமும் குளிருமாக மாறி மாறி வரும் என்பதால், இதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள முடியாது. பனியாறு கடலின் பேச்சை எவ்வளவு உன்னிப்பாகக் கேட்கிறது என்பதற்கு இது சாட்சி, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர மனமில்லை. கிரீன்லாந்துப் பனிக்கவசம் அவ்வளவு கனமானது; தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறையும்போது அந்தப் பிடி தளரும். அதனால் கிரீன்லாந்துக் கரையில் கடல்மட்டம் இறங்கும். நீர் தொலைவுக்குப் போகும். வெப்பமண்டலக் கடல்களில் உலகச் சராசரியைவிடச் சற்று அதிகமாகவே மட்டம் உயரும். தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் இந்த ஃபியோர்டிலிருந்து வெகுதூரம் என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி அல்ல.

இனி உயிர்களைப் பார்ப்போம். கோடையில் பனியாற்றின் மேல் தேங்கும் உருகுநீர் வெடிப்புகள் வழியாக உள்ளே விழுந்து, அடித்தரையில் ஆறாக ஓடி, கடலுக்கடியில் பனியாற்றின் பாதத்தில் பீறிடுகிறது. உச்சக் கோடையில் விநாடிக்கு 40,000 கன அடிக்கு மேல். இது நல்ல தண்ணீர், உப்பில்லாதது, எடை குறைந்தது. அதனால் உப்புநீருக்குள் புகுந்ததும் மேலே எழும்பும். எழும்போது அடிக்கடலின் நீரையும் வாரிக்கொண்டு வரும். அதில் நைட்ரேட் போன்ற சத்துகள் ஏராளம். வெளிச்சம் படும் மேல்நீரிலோ வசந்தம் முடிவதற்குள் பாசிகள் அவற்றைத் தின்று தீர்த்திருக்கும். பசித்த வயலுக்குக் கீழிருந்து உரம் இறைப்பதுபோன்ற வேலை இது. எல்லா இடத்திலும் இந்தப் பெருக்கு மேற்பரப்பைத் தொடுவதில்லை. கலந்து கலந்து எடை சமமாகும் ஆழத்தில் நின்று பக்கவாட்டில் பரவுவதும் உண்டு. ஆனாலும் கடலில் முடியும் பனியாறுகள் உள்ள ஃபியோர்டுகளில் கோடை முழுக்கப் பாசி விளைச்சல் நன்றாக இருக்கிறது, தரையில் முடியும் பனியாறுகளின் ஃபியோர்டுகளில் அப்படி இல்லை என்று அளந்து பார்த்திருக்கிறார்கள்.

பாசியை நெல்மணி அளவுள்ள கோப்பிபாடு என்ற ஓட்டுயிர்கள் தின்று, உடலில் எண்ணெயாகச் சேமிக்கின்றன. அவற்றைக் கேப்பலின் மீன் தின்கிறது. கேப்பலினைத் தேடிக் கூன்முதுகுத் திமிங்கலங்கள் கோடையில் வருகின்றன, கரீபியக் கடலில் குட்டி போட்டுவிட்டு. வில்தலைத் திமிங்கலம் அதற்கு முன்பே, பிப்ரவரி முதல் மே வரை வந்து, கடலடியில் உறங்கும் கோப்பிபாடுகளை நேரடியாக வடிகட்டித் தின்கிறது. 200 ஆண்டுக்கு மேல் வாழும் உயிர் அது.

இந்த உணவுச் சங்கிலியின் ஓரத்தில்தான் மனிதர் குடியேறினார்கள். ஊருக்குத் தெற்கே ஃபியோர்டின் கரையில் செர்மெர்மியுட் என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. சக்காக், டோர்செட், துலே என்று மூன்று பண்பாட்டு மக்களின் எச்சங்கள் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மிகப் பழையது 4000 ஆண்டுக்கு முற்பட்டது. செர்மெக் என்றால் பனியாறு. மியுட் என்ற ஒட்டு சேர்ந்தால் அந்த இடத்துக்காரர்கள். இலுலியாக் என்றால் ஒரு பனிப்பாறை, இலுலிஸ்ஸாட் பன்மை. தமிழைப்போலவே ஒட்டுமேல் ஒட்டாகச் சேர்த்துச் சொல் கட்டும் மொழி கலாலிசுட். 2009 முதல் கிரீன்லாந்தின் ஒரே ஆட்சிமொழி அதுதான். 1879-இல் இந்த ஊரில் பிறந்த குனுட் ராஸ்முஸன், 1921 முதல் 1924 வரை நடந்த பயணத்தில் நாய் வண்டியில் கனடா வழியே அலாஸ்காவரை போனார். அவ்வளவு தூரமும் ஆர்க்டிக்கின் பழங்குடிகளான இனுயிட் மக்களோடு அவர் பேச முடிந்ததற்குக் காரணம், சிறுவயதில் இங்கே கற்ற மொழி.

கப்பலில் வருபவர்களுக்கு மாட்டாக் பரிமாறுவார்கள், திமிங்கலத்தின் தோலும் அதனடிக் கொழுப்பும். முகம் சுளிப்பதற்கு முன் ஒன்று தெரிந்துகொள்ளலாம். காயும் பழமும் அதிகம் விளையாத இந்த நிலத்தில், பச்சையாகத் தின்னும் அந்தத் தோல் வைட்டமின் சி தந்தது. மாதக்கணக்கில் உப்புக்கறியும் ரொட்டியும் தின்ற ஐரோப்பிய மாலுமிகள் ஈறு அழுகிச் செத்த கடல்களில் இனுயிட் மக்கள் நலமாக இருந்தார்கள்.

ஃபியோர்டின் ஆழத்தில் வாழ்வது கிரீன்லாந்து ஹாலிபட் என்ற தட்டை மீன். குளிர்காலத்தில் கடல் உறைந்ததும் நாய் வண்டியில் போய், பனியில் துளை போட்டு, தூண்டில் முட்கள் வரிசையாகக் கட்டிய நீளக் கயிற்றை இறக்குவார்கள். செங்குத்தாக இறக்கினால் கயிறு குவிந்து சிக்கிவிடும். அதனால் நுனியில் ஒரு தகட்டைக் கட்டுகிறார்கள். நீரோட்டத்தில் அது பட்டம்போல் பறந்து, கயிற்றைப் பக்கவாட்டில் நீளமாக விரித்துக்கொடுக்கும். கடலடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது கைக்குத் தெரிந்தால்தான் இது நடக்கும். இப்போது பல குளிர்காலங்களில் பனி வண்டியைத் தாங்கும் அளவுக்கு உறைவதில்லை. படகு பெருகியிருக்கிறது, நாய்கள் குறைந்துகொண்டு வருகின்றன.

படகில் பனிப்பாறைக்கு அருகே போக ஆசை வரும். போகக் கூடாது. உருகும்போது எடை மாறி, முன்னறிவிப்பில்லாமல் புரளும். தள்ளி நின்று எஞ்சினை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் எண்ணெயில் கடுகு பொரிவதுபோல ஒரு சத்தம் கேட்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த பனியில் சிக்கிய காற்று, அழுத்தத்தோடு குமிழாக அடைபட்டிருந்து, இப்போது வெடித்து வெளியே வருகிறது. நீருக்குள் இந்தச் சத்தம் இன்னும் பலமானது. பனியாற்று ஃபியோர்டுகள் கடலிலேயே மிக இரைச்சலான இயற்கை இடங்களுள் அடங்கும்.

ஃபியோர்டின் உள்ளே எந்தக் கப்பலும் போக முடியாது. அவ்வளவு நெருக்கமாகப் பனி. அப்படியென்றால் பனியாற்றின் அருகே நீர் எத்தனை டிகிரி என்று எப்படி அளப்பது? ஆய்வாளர்கள் வளையச் சீல்கள் என்ற கடல்நாய்களைப் பிடித்து, உடலில் சிறு கருவிகளை ஒட்டி விட்டார்கள். சீல்கள் வழக்கம்போல மீன் தேடிப் பனிக்கடியில் முங்கின, படிக்கு உள்ளே வெகுதூரம் போயின, மூச்சுவிட மேலே வந்தபோதெல்லாம் வெப்பத்தையும் உப்பையும் செயற்கைக்கோளுக்கு அனுப்பின. அடுத்த முறை முடி உதிர்க்கும்போது அந்தக் கருவிகளும் கழன்று கடலில் விழுந்துவிடும்.