பார்சிங் என்பதும் பெயர் தெரியாத சாவிகளும்

ஜேசன் (இணையச் சேவைகள் தரவை அனுப்பும் எழுத்து வடிவம்) ஜாவா நிரலுக்கு வரும்போது, முன்கூட்டியே பெயர் தெரியாத சாவிகளை எப்படிக் கையாள்வது என்பதுதான் இங்கே பேச்சு. முதலில் சொல்லிலிருந்து தொடங்குவோம். லத்தீனில் ‘பார்ஸ்’ என்றால் பகுதி, ‘பார்ஸ் ஓராட்டியோனிஸ்’ என்றால் சொல்வகை. 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயப் பள்ளிகளில் லத்தீன் வாக்கியத்தைக் கொடுத்து, இது பெயரா வினையா, எந்த வேற்றுமை, எந்தக் காலம் என்று சொல் சொல்லாகக் கேட்பார்கள். அந்தப் பயிற்சியிலிருந்து பிறந்த வினைதான் ‘பார்ஸ்’. கணினிக்கு அது வந்தது 20ஆம் நூற்றாண்டில்: வந்த எழுத்தை விதிப்படி பகுதிகளாக்கி, ஒவ்வொன்றின் வேலையையும் அறிவது.

தமிழில் இந்த வேலை நன்னூலின் பதவியலிலேயே இருக்கிறது. ‘செய்தனன்’ என்பதை செய் + த் + அன் + அன் என்று பிரிக்கிறோம். செய் பகுதி, த் இறந்தகால இடைநிலை, முதல் ‘அன்’ சாரியை, இரண்டாவது ‘அன்’ ஆண்பால் விகுதி. எழுத்து ஒன்றேதான், நிற்கும் இடம்தான் வேலையைச் சொல்கிறது. அதனால் பார்சிங்குக்குப் ‘பாகுபடுத்தல்’ என்ற கலைச்சொல் நன்றாகவே பொருந்துகிறது. கருவிக்குப் ‘பாகுபடுத்தி’. சிலர் ‘படித்தல்’ என்று எழுதுகிறார்கள், அது பைட்டுகளை உள்ளே வாங்குவது மட்டுமே. ‘பிரித்தல்’ என்பதும் போதாது. காற்புள்ளி கண்ட இடமெல்லாம் வெட்டினால், மேற்கோளுக்குள் இருக்கும் “சென்னை, தமிழ்நாடு” இரண்டு துண்டாகிவிடும்.

இனி சாவி. மதிப்பின் முன்னால் நின்று அதை அடையாளம் காட்டுவது. நாம் ‘கீ’ என்பதை ஜேசனுக்கான தர ஆவணமான ஆர்எஃப்சி 8259 (2017) ‘பெயர்’ என்றே குறிக்கிறது. ஆப்ஜெக்ட் என்பது வரிசையில்லாத பெயர்–மதிப்பு இணைகளின் தொகுப்பு. ‘விசை’ விசைப்பலகைக்குப் போய்விட்டது, ஆகவே ‘சாவி’ இருக்கட்டும். ‘டைனமிக் கீ’யை ‘இயங்கு சாவி’ என்று பெயர்ப்பது சரியில்லை. அது எங்கும் இயங்கவில்லை, சர்வர் தரும் ஒவ்வொரு பதிலிலும் அதன் பெயர் மாறுகிறது, அவ்வளவுதான். ‘மாறும் சாவி’ போதும்.

விக்கிப்பீடியாவின் ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டுப் பெறும் வழி) நல்ல உதாரணம். ஆங்கில விக்கியில் ஐன்ஸ்டைன் கட்டுரையைக் கேட்டால், பழைய வடிவப் பதிலில் ‘குவெரி’க்குள் ‘பேஜஸ்’, அதற்குள் “736” என்று ஒரு சாவி. 736 என்பது அந்தப் பக்கத்தின் எண். நிரல் எழுதும்போது அது நமக்குத் தெரியாது, ஆகவே ஜாவாவில் அந்தப் பெயரில் ஃபீல்டு வைக்க வழியில்லை. ஆனால் சாவி வரும் இடமும் அதன் கீழ் இருக்கும் உருவமும் தெரியும். அதற்குச் சாவி–மதிப்பு இணைகளை வைக்கும் ஜாவாவின் மேப் போதும்: மேப்<ஸ்ட்ரிங், பக்கம்>. (கிளாஸுக்கு ‘பக்கம்’ என்று தமிழிலேயே பெயர் வைத்தாலும் ஜாவா கம்பைலர் ஏற்கும்.)

ஜேசனைப் பாகுபடுத்தும் ஜாக்சன் என்ற ஜாவா நூலகத்தில் முதலில் ரீட்ட்ரீ மூலம் முழு மரத்தையும் வாங்கி, பாத்(“குவெரி”).பாத்(“பேஜஸ்”) என்று இறங்குங்கள். ‘கெட்’ வேண்டாம். சாவி இல்லாவிட்டால் அது நல் (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) கொடுக்கும், அடுத்த புள்ளியிலேயே நிரல் விழும். பிறகு அந்த நோடை (மரத்தின் கணுவை) கன்வெர்ட்வேல்யூவால் மேப்பாக்கும்போது, மேப்புக்குள் என்ன வகை என்று சொல்லும் டைப்ரெஃபரன்ஸ் கட்டாயம் கொடுக்க வேண்டும். கோண அடைப்புக்குள் எழுதும் ஜெனரிக் வகைகள் ஓடும் நேரத்தில் அழிந்துவிடுவதால், வெறும் மேப்.கிளாஸ் கொடுத்தால் உள்ளே வருவது பக்கம் அல்ல, லிங்க்ட்ஹாஷ்மேப். இதில் எரிச்சலூட்டுவது, பாகுபடுத்தும் வரியில் ஒன்றும் நடக்காது. மதிப்பை எடுத்துப் பயன்படுத்தும் வரியில்தான் வகை பொருந்தவில்லை என்ற கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் வெடிக்கும், தேடுகிறவர் தவறான இடத்தில் தேடுவார். ஜீசன் என்ற இன்னொரு நூலகத்தில் இதே வேலைக்கு டைப்டோக்கன். அங்கே வெறும் மேப்.கிளாஸ் கொடுத்தால் எண்களும் டபுளாகி (தசம எண் வகையாகி), 736 என்பது 736.0 ஆக வந்து நிற்கும்.

ஆர்க்.ஜேசன் என்ற மூன்றாவது நூலகத்தில் கீசெட் மூலம் எல்லாச் சாவிகளையும் எடுத்துச் சுற்றி வரலாம். உள்ளே இருப்பது ஹாஷ்மேப் என்பதால் வந்த வரிசை நிலைக்காது, ‘முதல் சாவி’ என்று எதையும் நம்ப வேண்டாம்.

இல்லாத பக்கத்தைக் கேட்டால் விக்கி “-1” என்ற சாவியைத் தரும். அதன் கீழ் பக்க எண் இருக்காது, ‘மிஸ்ஸிங்’ என்ற ஃபீல்டு இருக்கும். பக்கம் கிளாஸில் எண்ணை இன்ட் என்று வைத்திருந்தால் பேசாமல் 0 ஆகிவிடும், இன்டிஜர் என்றால் நல் ஆகி உண்மை தெரியும். ‘மிஸ்ஸிங்’குக்கு இடம் வைக்காவிட்டால் ஜாக்சன் 2 அன்ரெக்கக்னைஸ்ட்ப்ராப்பர்ட்டிஎக்ஸெப்ஷன் வீசும் (கன்வெர்ட்வேல்யூவில் அது இல்லீகல்ஆர்க்யுமென்ட்எக்ஸெப்ஷனுக்குள் பொதிந்து வரும்). ஜேசன்இக்னோர்ப்ராப்பர்ட்டீஸ் அனோட்டேஷனில் இக்னோர்அன்னோன் என்பதை ட்ரூ ஆக்கினால் அது போகும். தெரிந்த ஃபீல்டுகளும் மாறும் சாவிகளும் ஒரே ஆப்ஜெக்டில் கலந்து வந்தால் ஜேசன்எனிசெட்டர் அனோட்டேஷன் உதவும்.

எண்ணைச் சாவியாக வைப்பது தரவைப் பெயர் நிற்கும் இடத்தில் உட்காரவைப்பது. விக்கியிடம் ஃபார்மட்வெர்ஷன்=2 என்று கேட்டால் ‘பேஜஸ்’ வரிசைப்பட்டியலாகவே வரும், மேப் தேவையே படாது. உங்களுக்கு அந்த வசதி இருந்தால் அதையே எடுங்கள்.

வசதி இல்லாதபோது ஒரு பொறி: பிஎச்பியில் எழுதிய சர்வர்கள் காலி அர்ரேயை {} என்று அனுப்பாமல் [] என்று அனுப்பும். முடிவுகள் இருக்கும்வரை எல்லாம் ஓடும், ஒன்றுமே இல்லாத நாளில் ஜாக்சன் மிஸ்மாட்ச்ட்இன்புட்எக்ஸெப்ஷன் தரும் (ஜாக்சன் 2இன் கன்வெர்ட்வேல்யூவில் இதுவும் அப்படியே பொதிந்து வரும்). மேப்பாக்கும் முன் இஸ்ஆப்ஜெக்ட் என்று நோடைக் கேட்டுவிட்டு, இல்லையென்றால் காலி மேப்பைத் திருப்பிக் கொடுங்கள்.