விரலைப் பிடிக்கும் பசை, விரலைக் கண்டுகொள்ளாத பசை

மேசை விளையாட்டு மினியேச்சர்களைப் புதிதாகச் சேர்க்கத் தொடங்கியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: “சூப்பர் க்ளூ பொம்மையின் கையை ஒட்டுவதற்கு முன்னால் என் விரலை ஒட்டிவிடுகிறது. பிளாஸ்டிக் சிமென்ட் விரலில் பட்டால் சும்மா காய்ந்து போகிறது, ஆனால் பிளாஸ்டிக்கை மட்டும் உடைத்தால்தான் பிரியும் என்கிற அளவுக்குப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் பசைதானே, ஏன் இப்படி?”

நல்ல கேள்வி. பிளாஸ்டிக் சிமென்ட்டைப் பசை என்று சொல்வதே கொஞ்சம் தாராளம்தான். அங்கே போவதற்கு முன், ஒட்டுவதற்கு முந்தைய வேலைகளை வேகமாகப் பார்த்துவிடலாம்.

பிளாஸ்டிக் பாகங்கள் ஸ்ப்ரூ என்ற சட்டத்தோடு சேர்ந்தே வரும். அதிலிருந்து வெட்ட ஒரு பக்கம் தட்டையான வாயுள்ள கிளிப்பர் வேண்டும். தட்டையான பக்கம் பாகத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முதல் வெட்டு சற்றுத் தள்ளி, மிச்சமிருக்கும் குச்சியை இரண்டாவது வெட்டில் எடுப்பது நல்லது, ஏனென்றால் கிளிப்பரின் வாய் ஆப்பு மாதிரி பிளாஸ்டிக்கைப் பிளந்துகொண்டு போகிறது, அந்த அழுத்தம் பாகத்துக்குள் ஏறினால் வெட்டிய இடம் வெளுத்துவிடும். அந்த வெள்ளை அழுக்கல்ல. கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான நுண்விரிசல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வரும் வெள்ளை. பிறகு மோல்ட் லைன்: அச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் பிளாஸ்டிக் பிதுங்கி உண்டாகும் மெல்லிய கோடு. அதைக் கத்தியின் பின்புறத்தால் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்ட வேண்டும். கூர்ப்பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் அது உள்ளே இறங்கிப் பள்ளம் போட்டுவிடும். செங்குத்தாகப் பிடித்த விளிம்பு மேலோடு மட்டும் சீவும். ரெசின் (அச்சில் ஊற்றிக் கெட்டியாக்கும் வேறு வகைப் பிளாஸ்டிக்) பாகமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்ணெய்ப்பசையை எடுத்துவிட வேண்டும். ரெசினை நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சரி, இப்போது பசை.

பெரும்பாலான பிளாஸ்டிக் மினியேச்சர்கள் பாலிஸ்டைரீனால் ஆனவை. ஸ்டைரீன் என்ற சிறு மூலக்கூறுகள் 2000, 3000 என்று வரிசையாகக் கைகோத்து நீளமான சங்கிலியாகின்றன. அப்படிப்பட்ட கோடிக்கணக்கான சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடப்பதுதான் உங்கள் கையில் இருக்கும் பாகம். அதற்கு உறுதி வருவதே இந்தச் சிக்கலால்தான். ஒரு சங்கிலிக்கும் அடுத்ததற்கும் நடுவே வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. சுமார் 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எல்லாம் உறைந்து கிடக்கும், அதற்கு மேலே போனால் சங்கிலிகள் நெளிய ஆரம்பிக்கும்.

பிளாஸ்டிக் சிமென்ட்டில் இருப்பது பெரும்பாலும் கரைப்பான்: பியூட்டனோன், பியூட்டைல் அசிட்டேட் மாதிரி ஏதோ ஒன்று. அது பாலிஸ்டைரீனுக்குள் புகுந்து சங்கிலிகளுக்கு நடுவே இடம் பிடிக்கிறது. சங்கிலிகள் விலகி, அசைய இடம் கிடைத்ததும், 100 டிகிரியில் நடக்க வேண்டிய நெளிவு அறை வெப்பத்திலேயே நடக்கிறது. இரண்டு பாகங்களின் மேற்பரப்பும் இப்படி இளகி ஒன்றையொன்று தொடும்போது நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை யோசித்தாலும் அலுக்காத விஷயம்.

இந்தப் பக்கத்துச் சங்கிலி அந்தப் பக்கம் போக வேண்டும். ஆனால் அதைச் சுற்றி மற்ற சங்கிலிகள் அடர்ந்து கிடக்கின்றன. பக்கவாட்டில் நகர்ந்தால் எதிலாவது முட்டும், ஒன்றை ஊடுருவி இன்னொன்று போகவும் முடியாது. மிச்சமிருப்பது ஒரே வழி, தன் நீளவாக்கில் நகர்வது. புற்றுக்குள் இருக்கும் பாம்பு போல, தலை புதிய வழியைத் தேடி முன்னே போக, உடல் தலை போன தடத்திலேயே பின்தொடர, வால் பழைய தடத்தைக் காலி செய்துகொண்டே வருகிறது. பாம்புக்காவது எங்கே போகிறோம் என்று தெரியும், இது வெறும் வெப்ப அதிர்வில் முன்னும் பின்னுமாகத் தள்ளாடுகிறது, எந்த முனை வேண்டுமானாலும் தலையாகலாம். அப்படித் தள்ளாடித் தள்ளாடியே எல்லையைத் தாண்டி எதிர்ப்பக்கத்துச் சிக்கலில் போய் மாட்டிக்கொள்கிறது. தன் சுருளின் அளவுக்கு, அதாவது பத்து நானோமீட்டர் வாக்கில் உள்ளே போனாலே போதும், பிடி வந்துவிடும். பிறகு கரைப்பான் ஆவியாகி வெளியேற, சங்கிலிகள் இருந்த இடத்திலேயே உறைகின்றன. எல்லை என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது தொடர்ச்சியான பாலிஸ்டைரீன். நடுவில் பசை என்று எதுவுமே மிச்சமில்லை! இது ஒட்டல்ல, சூடில்லாத வெல்டிங்.

இந்த ஊர்தலை 1971இல் கணக்காக எழுதியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் தெ ஜென். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது, திரவப் படிகங்கள், பாலிமர்கள் (இப்படிப்பட்ட நீளச் சங்கிலி மூலக்கூறுகள்) பற்றிய மொத்தப் பணிக்காக. சங்கிலி இரண்டு மடங்கு நீளமானால் தன் தடத்தைவிட்டு முழுதாக வெளியேற எட்டு மடங்கு நேரமாகும் என்றது அவர் கணக்கு. சோதனைகளில் அதைவிடவும் சற்றுக் கூடுதலாகவே ஆகிறது. இதன் வழியே வந்த இன்னொரு முடிவும் அழகானது: இரண்டு பாலிமர் துண்டுகளைச் சூடாக்கிச் சேர்த்து வைத்தால், இணைப்பின் உறுதி நேரத்தின் நான்காம் மூலமாக ஏறும். அதாவது உறுதி இரட்டிப்பாக 16 மடங்கு காத்திருக்க வேண்டும். கரைப்பான் நடுவில் வந்தால் கணக்கு இன்னும் குழப்பமாகும், ஆனாலும் சில நிமிடத்தில் அசையாமல் நின்றுவிடும் பொம்மையின் கை, முழு உறுதி பெற ஒரு நாள் எடுப்பதில் ஆச்சரியமில்லை, உள்ளே மாட்டிய கரைப்பானும் மெதுவாகத்தானே வெளியேற வேண்டும்.

விரலில் ஏன் ஒட்டவில்லை என்பது இப்போது புரிந்திருக்கும். தோல் இந்தக் கரைப்பானில் இளகிச் சங்கிலியை அனுப்பாது. உலோகமும் அப்படியே. ரெசினில் சங்கிலிகள் குறுக்குப் பிணைப்புகளால் கட்டப்பட்டிருப்பதால் ஊர்ந்து வர முடியாது. அதற்காக விரலில் தடவிக்கொள்ள வேண்டாம், தோலின் எண்ணெயை உறிஞ்சிவிடும். ஜன்னலையும் திறந்து வையுங்கள்.

சூப்பர் க்ளூ வேறு ஜாதி. அது எத்தில் சயனோஅக்ரிலேட் என்ற சிறு மூலக்கூறுகளின் திரவம். கொஞ்சம் எதிர்மின் சுமை கிடைத்தால் போதும், மூலக்கூறுகள் சரசரவென்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகிவிடும். மேற்பரப்பில் படிந்திருக்கும் ஈரமே அதைத் தொடங்கி வைக்கும். காற்றில் காய்ந்துதான் ஒட்டுகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. உண்மையில் அது காய்வதே இல்லை, ஈரம் பட்டு வினைபுரிகிறது. வியர்த்த விரலைவிட அதற்குப் பிடித்த இடம் வேறு எது? “நிறைய வைத்தால் நிறையப் பிடிக்கும்” என்பதும் மூடநம்பிக்கைதான். ஈரம் இருப்பது பரப்பில், தடித்த சொட்டின் நடுப்பகுதி நெடுநேரம் திரவமாகவே கிடக்கும்.

இதன் பிறப்பையும் சொல்ல வேண்டும். 1942இல் துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் ஹாரி கூவர், எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது என்று இதை ஒதுக்கிவைத்தார். 1951இல் அவரது குழுவில் இருந்த ஃபிரெட் ஜாய்னர் ஒளிவிலகல் அளக்கும் கருவியின் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே இதை வைக்க, பட்டகங்கள் பிரியவில்லை. 1958இல் சந்தைக்கு வந்தது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் படிவத்தில் “இதனால் என்ன பயன்” என்று ஒரு கட்டம் இருக்குமே, 1942இல் கூவரும் 1971இல் தெ ஜென்னும் அதில் என்ன எழுதியிருப்பார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்கும் அமைப்புகளுக்கு இன்னும் கொஞ்சம் பணம் போகலாம் என்பது என் கட்சி.

ஆக, எதற்கு எது? பாலிஸ்டைரீனோடு பாலிஸ்டைரீன் என்றால் சிமென்ட். சேரும் இடத்தில் பெயின்டோ, அதற்கு முன் அடிக்கும் பிரைமரோ இருந்தால் முதலில் சுரண்டிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் வெல்டு செய்வது பெயின்டைத்தான். அழுத்தும்போது இளகிய பிளாஸ்டிக் லேசாகப் பிதுங்கினால் துடைக்காதீர்கள். மறுநாள் கத்தியின் பின்புறத்தால் சீவினால் இணைப்புக் கோடே மறைந்துவிடும். ரெசினுக்கும் உலோகத்துக்கும் சூப்பர் க்ளூ, சுத்தமான பரப்பில், மெல்லிய படலமாக. அது இழுவையைத் தாங்கும் அளவுக்குத் திடீர் அடியைத் தாங்காது, அதனால் கனமான உலோகக் கை, இறக்கை என்றால் பின் வைஸால் (கையால் சுழற்றும் சிறு துளைப்பான்) இரண்டு பக்கமும் துளைபோட்டு, நடுவே ஒரு துண்டுக் கம்பியைச் செருகி ஒட்டுங்கள். கீழே விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள கம்பி இருக்கும்.