ஓ'பிரையனின் 'ஓ' எங்கிருந்து வந்தது?

ஓ'பிரையன், ஓ'கானர், ஓ'நீல். அயர்லாந்துப் பெயர்களின் முன்னால் நிற்கும் 'ஓ'வை நம் ஊர் இனிஷியல் போல எண்ணிவிடுவது எளிது. அது எழுத்தல்ல, ஒரு முழுச் சொல். பழைய ஐரிஷில் 'உவா', பொருள் பேரன். பிறகு 'ஓ' என்று சுருங்கியது. ஐரிஷில் அதன் தலைமேல் நெடிலைக் காட்டும் கோடு உண்டு. பக்கத்தில் தொங்கும் மேற்குறி ஆங்கில வழக்கு.

1014இல் கிளான்டார்ஃப் போரில் மாண்ட மன்னர் பிரையன் போரு. அவருடைய பேரன் தோர்தெல்பாக் 'உவா பிரியன்' எனப்பட்டார். அவர் நிஜமாகவே பேரன்தான். அடுத்து வந்த கொள்ளுப்பேரர்களும் எள்ளுப்பேரர்களும் அதே பெயரைச் சுமக்க, 'பிரையன் வழிவந்தவர்' என்ற பொருளில் அது குடும்பப்பெயராக நிலைத்தது.

இன்னொரு முன்னொட்டு 'மேக்'. அதற்கு மகன் என்று பொருள். மக், மகன் என்று உடனே குமரிக்கண்டத்துக்குக் கிளம்பிவிட வேண்டாம். ஓகம் என்ற பழைய ஐரிஷ் எழுத்தில் பொறித்த கல்வெட்டுகளில் அது 'மக்கி' என்றே இருக்கிறது, ஐரிஷ் சேர்ந்த கெல்டிக் மொழிக்குடும்பத்தின் வேர்ச்சொல். ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

சிக்கல் ஆங்கிலேய ஆட்சியில் வந்தது. டப்ளினைச் சுற்றிய பகுதியில் வாழ்ந்த ஐரிஷ்காரர்கள் ஊர், நிறம், தொழில் இவற்றிலிருந்து ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1465இல் சட்டமே போட்டார்கள். பின்னாளிலும் 'கொல்லன் மகன்' என்ற பொருள்கொண்ட மேக் கவன், சில குடும்பங்களில் மெக்கவன் ஆனது, சிலவற்றில் ஸ்மித் ஆனது. எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியதில் மேக் ஏங்கஸ் வழியினர் மெக்கின்னஸ், மஜென்னிஸ், கின்னஸ் என்று பலவாறாகப் பிரிந்தார்கள். 'ஓ'வும் பல குடும்பங்களில் உதிர்ந்தது. 1893இல் ஐரிஷ் மொழியை மீட்கக் கேலிக் லீக் என்ற இயக்கம் தொடங்கி மொழிப்பற்று ஓங்கியபோது சிலர் அதைத் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். ஆகவே தாத்தா சல்லிவன், பேரன் ஓ'சல்லிவன் என்பதும் நடக்கும்.

முன்னோரைத் தேடுபவர் இதில்தான் தடுக்கி விழுவார். ஒலி ஒத்த பெயர்களை ஒன்றாகச் சேர்க்கும் சவுண்டெக்ஸ் முறை முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற ஒலிகளை எண்களாக்கும். அதனால் சல்லிவனின் குறியீடு எஸ்415, ஓ'சல்லிவனுடையது ஓ241. ஒரே குடும்பம், இரண்டு மூலை! 'ஓ'வோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை தேடியே ஆக வேண்டும். 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பகுதி 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகத்தில் பற்றிய தீயில் போய்விட்டதால், 1847–1864 காலத்து கிரிஃபித் நிலமதிப்புப் பட்டியலையும் 1901, 1911 கணக்கெடுப்புகளையும்தான் பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது.

சரி, இந்த 'ஓ'வைத் தமிழில் என்ன சொல்லலாம்? 'வழித்தோன்றல்' பொருந்தும், ஆனால் மேடைவாடை அடிக்கிறது. என் தேர்வு 'பெயரன்'. பேரன் என்ற சொல்லே பெயரனிலிருந்து வந்ததுதான்: தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். 'ஓ' செய்யும் வேலையும் அதுவே. ஓ'பிரையன் என்றால் பிரையன் பெயரன்.

பெண்களுக்குப் 'பெயர்த்தி' என்று மாற்றினால் மட்டும் சரிவராது. ஐரிஷில் மணமாகாத பெண்ணின் பெயரில் 'ஓ'வுக்குப் பதில் வரும் 'நீ', 'மகள்' என்ற சொல்லும் 'ஓ'வின் வேற்றுமை வடிவமும் சேர்ந்து சுருங்கியது. அவள் பெயரன் மகள்.