பள்ளி ஆண்டின் கடைசித் தவணை முடிவதற்குள் தமிழ் வகுப்புக்குக் கடிதம் கொடுங்கள்

கோலாலம்பூரில் ஒரு தேசியப் பள்ளி, அதாவது மலாய்வழித் தொடக்கப்பள்ளி. இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்குத் தமிழ் வகுப்பு வேண்டும் என்று ஓர் அம்மா கேட்கப் போனார். "உங்கள் மகள் வகுப்பில் ஆறு பேர்தான் புவான், 15 பேர் வேண்டும்" என்று அலுவலகத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரும் நம்பிவிட்டார். பள்ளி முழுவதும் எண்ணினால் இருபதுக்கு மேல் தமிழ்ப் பிள்ளைகள் இருந்தார்கள். அது தெரியவருவதற்குள் மகள் ஐந்தாம் ஆண்டுக்குப் போய்விட்டாள். அந்த மூன்று வருடத்தை யார் திருப்பித் தருவார்கள்?

சட்டம் சொல்வது சின்ன விஷயம்தான். 1996ஆம் ஆண்டு கல்விச் சட்டம், 2ஆம் பிரிவு: பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால், தேசியப் பள்ளியில் தமிழ் கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். தேசிய இடைநிலைப்பள்ளிக்கும் இதே விதிதான். பி.ஓ.எல். வகுப்பு (Pupil's Own Language, மாணவரின் சொந்த மொழி) என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இதில் ஒவ்வொரு சொல்லையும் கவனியுங்கள், ஏனென்றால் முகப்பில் இருப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. 15 பேர் 'பள்ளியில்' இருந்தால் போதும். ஒரே வகுப்பில் இருக்க வேண்டும் என்றோ ஒரே ஆண்டில் படிக்க வேண்டும் என்றோ சட்டத்தில் இல்லை. அப்புறம், எண்ணுவது மாணவர்களை, குடும்பங்களை அல்ல. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் அந்தப் பள்ளியில் படித்தால் அது மூன்று. ஏழெட்டு வீடுகள் சேர்ந்தாலே கணக்கு நிறைந்துவிடும். "15 குடும்பம் வேண்டும்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நின்று மறுத்துக் கேளுங்கள்.

அடுத்து வரும் பதில், "ஆசிரியர் இல்லை". இதைக் கேட்டுத்தான் அதிகம் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பூர்வகுடி மொழிகளுக்கு மட்டும் அதே பிரிவில், நடைமுறைக்கு ஏற்றதாக இருந்தால் என்று ஒரு நிபந்தனை உண்டு. தமிழுக்கும் சீனத்துக்கும் அந்த நிபந்தனை கிடையாது. ஆசிரியரைத் தேடுவது கல்வி இலாகாவின் வேலை. பெற்றோரே ஆசிரியரைக் கூட்டிவர வேண்டும் என்பதும், பெற்றோர் ஆசிரியர் சங்கம் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இல்லாத பேச்சு.

ஏன் கடைசித் தவணை? அடுத்த ஆண்டின் கால அட்டவணையும் ஆசிரியர் தேவையும் பேசப்படுவது ஆண்டு முடியும் நேரத்தில்தான். பள்ளி திறந்த பிறகு போனால் "அட்டவணை போட்டாகிவிட்டது, அடுத்த வருடம் பார்ப்போம்" என்பார்கள். அடுத்த வருடமும் அதையே சொல்வார்கள்.

வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். வாட்ஸ்அப்பில் கேட்பதும் கேட்காததும் ஒன்றுதான். மலாயில் ஒரு பக்கக் கடிதம் போதும். தலைமையாசிரியர் பெயருக்கு எழுதி, சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு, பின்னால் ஒரு பட்டியல் வையுங்கள்: பிள்ளையின் பெயர், வகுப்பு, மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை) எண், பெற்றோர் கையெழுத்து. 15 என்றால் சரியாக 15 பேரோடு நிற்காதீர்கள், 18 பேராவது சேருங்கள். ஒரு பிள்ளை பள்ளி மாறினாலே "எண்ணிக்கை குறைந்துவிட்டது" என்று வகுப்பை நிறுத்த வழி பார்ப்பார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளை அதிகம் நம்பிப் பட்டியல் போட்டால் அடுத்த ஜனவரியில் பாதிப் பெயர் இருக்காது.

கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் உங்கள் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். கோலாலம்பூரில் செந்தூல், கெராமாட், பங்சார்–புடு என்று வட்டாரம் வட்டாரமாக அலுவலகம் உண்டு. வேறு வட்டாரத்துக்குப் போய் அரைநாள் விடுப்பை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், முதலில் பள்ளியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். அங்கேயும் இழுத்தடித்தால் கல்வி அமைச்சின் சிஸ்பா புகார் முறையில் பதியுங்கள். பதிவு எண்ணைக் குறித்து வையுங்கள்.

வகுப்பு கிடைத்த பிறகும் ஒரு சிக்கல் உண்டு. பள்ளி முடிந்த பின் ஒரு நேரத்தில் வைத்துவிடுவார்கள், பள்ளி வேன் காத்திருக்காது, பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிடுவார்கள். அதனால் பள்ளி நேரத்துக்குள் வைக்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். தேசியப் பள்ளித் தமிழுக்கென்று தனிப் பாடத்திட்டம் இருக்கிறது, தமிழ்ப்பள்ளிப் பாடத்திட்டம் வேறு. நான்காம் ஆண்டில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு எழுத்திலிருந்து தொடங்கச் சொல்லி ஆசிரியரிடம் முதல் வாரத்திலேயே பேசுங்கள்.

ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளையானாலும் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு தானாக வந்துவிடும் என்று இருக்காதீர்கள். படிவம் 1க்கு (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டுக்கு) எந்தப் பள்ளி என்று தெரிந்த அன்றே அங்கே தமிழ் வகுப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பள்ளிக்குத் தனிக் கடிதம், தனிப் பட்டியல், தனி முத்திரை. பழைய பள்ளியில் எண்ணிய 15 அங்கே செல்லாது.